மலைநாட்டு நீரின் வரவு செலவு

அட்டன் நகரை ஒட்டிய மலைமுகட்டில் பெய்யும் மழையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முகட்டின் ஒருபுறம் விழுந்த துளி டிக்கோயாப் பக்கமாக இறங்கிக் காசல்ரீ நீர்த்தேக்கத்திற் சேர்கின்றது. அங்கிருந்து சுரங்கவழி புகுந்து, மின்சாரச் சுழலிகளைச் சுழற்றி, களனி கங்கையாகிக் கொழும்பு மாநகரத்தாரின் தாகம் தீர்த்தது போக எஞ்சியது மேலைக் கடலை அடைகின்றது. அதே முகட்டின் மறுபுறம் விழுந்த துளியோ, அட்டன் ஓயாவாகி, 335 கிலோமீட்டர் நீளமுள்ள மகாவலியோடு கூடி, கண்டியைச் சுற்றி வளைந்து, வறண்ட வலயத்து வயல்களைக் கடந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் முடிகின்றது. ஒரு முழ இடைவெளியில் விழுந்த இரு துளிகளுக்கு இரு வேறு கடல்கள்!

இவ்விரு துளிகளுக்கும் உரிமை கொண்டாடுவோர் பலர். மின்சார சபை ஒன்று கேட்கும். நீர்ப்பாசனத் திணைக்களம் ஒன்று கேட்கும். நீர் வழங்கல் சபை, மகாவலி அதிகாரசபை, தோட்டக் கம்பனி, பொலனறுவையின் நெல் விவசாயி என வரிசை நீளும். அவ்வரிசையின் கடைசியில், துளி விழுந்த இடத்திலேயே குடியிருக்கும் லயத்து மக்கள் நிற்கின்றனர். எல்லாருக்கும் விடை வேண்டிய வினா ஒன்றே: இம்மலைகளில் ஆண்டொன்றுக்கு எவ்வளவு நீர் கிடைக்கும்? பள்ளிச் சிறுவனும் கேட்கக்கூடிய எளிய கேள்விதான். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டாக மழையை அளந்து, முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ஆற்றை அளந்து வந்த பின்னரும், இதற்கு ஐயமற்ற விடை கூறுதல் எவராலும் இயலாததாகவே இருக்கின்றது. அது யாருடைய சோம்பலாலும் நேர்ந்ததன்று. நீரின் இயல்பும், மலையின் இயல்பும், மனிதனின் கணக்கெழுதும் இயல்பும் ஒன்று சேர்ந்து விளைத்த நிலை அது.

முதலில் மலையைப் பார்ப்போம். வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி ஐயாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. நேர்கோட்டில் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள நுவரெலியாவிலோ, சராசரி ஏறத்தாழ 1900 மில்லிமீட்டர்தான். தென்மேல் பருவப் பெயர்ச்சிக் காற்று மே மாதம் தொட்டுச் செப்டெம்பர் வரை சுமந்து வரும் நீரை மேற்குச் சரிவுகளிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, உயர்ந்த முகடுகளைத் தாண்டும்போது வெறுங்கையோடு நிற்கின்றது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தினுள் புகையிரதம் மழையிற் புகுந்து வெயிலில் வெளிவந்தது என்று பயணிகள் வியந்து பேசுவதைக் கேட்டிராதார் மலைநாட்டில் இல்லை.

இத்தகைய நிலத்தில் ஒரு மழைமானி எவ்வளவு தூரத்துக்குச் சாட்சி சொல்ல முடியும்? தான் நிற்கும் சரிவுக்குச் சொல்லலாம். அடுத்த சரிவுக்கு அதன் வாக்குமூலம் செல்லாது. ஆனால் திட்டமிடுவோர் அந்த ஒரு மானியின் கணக்கை ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் விரித்துப் போடவேண்டிய கட்டாயத்தில் இருக்கின்றனர். பிழையின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஆயிரம் கனமீட்டர் நீர். நூறு சதுரக் கிலோமீட்டர் நீரேந்துப் பரப்பொன்றின் ஆண்டு மழையை நூறு மில்லிமீட்டர் தவறாக மதித்துவிட்டால், பிழை ஒரு கோடி கனமீட்டர். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குப் பின்னே பயன்படுத்தக்கூடியதாய்த் தேங்கி நிற்கும் நீர் ஏறத்தாழ எட்டு இலட்சம் கனமீட்டர்தான். குளத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு பிழை, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியில் ஒளிந்து கிடக்கலாம்!

அந்தக் கணக்குப் புத்தகத்தின் கதையும் சுவையானதே. மலைநாட்டின் மழைக் குறிப்புகளுட் பெரும்பகுதியை அரசாங்கம் எழுதவில்லை, தோட்டங்கள் எழுதின. கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் துரைமார் தத்தம் தோட்டங்களில் மழைமானி வைத்தனர். ஐந்தங்குல வாயுள்ள செப்பு உருளை. அதனுள்ளே ஒரு புட்டி. காலையில் அதை எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து எழுதுவது வழக்கம். உரம் போடுவதும், கவ்வாத்து வெட்டுவதும், இத்தனை பேருக்கு நாளை கொழுந்து மலையில் வேலை உண்டென்று பிரட்டுக்களத்தில் அறிவிப்பதும் மழையை ஒட்டியே நடக்கவேண்டியிருந்தமையால், அவர்களுக்கு இக்குறிப்பு வேண்டியிருந்தது. மாத முடிவில் ஒரு பிரதி வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் போயிற்று. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் குறிப்புகள் இவற்றுட் செம்மையானவை.

மற்றவை எல்லாம் அத்தகைய செம்மை உடையனவல்ல. மானியைப் பார்த்தவர் எப்பொழுதும் துரையல்லர். கிளாக்கரோ, பங்களா வேலையாளோ, டீமேக்கரோ பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மழை திங்கட்கிழமையின் கணக்கில் ஏறுவது உலகமெங்கும் மழை அளப்போர் அறிந்த இரகசியம்; நம் மலைநாடு மட்டும் அதற்கு விலக்காயிருக்க நியாயமில்லை. மாத மொத்தத்துக்கு அதனாற் கேடு இல்லை. ஆனால் ஒரு நாளில் எவ்வளவு பெய்தது என்று மண்சரிவை ஆராய்பவன் கேட்கும்போது அந்தக் கணக்கு அவனை ஏமாற்றிவிடும். மானியை ஒட்டி நட்ட சவுக்கு மரம் இருபது ஆண்டில் வளர்ந்து மழையை மறைத்தாலும் புத்தகத்தில் அது மழைக் குறைவாகவே பதிவாகும். காற்று பலமாய் அடிக்கும் முகடுகளில் துளிகள் உருளையின் வாயிற் புகாது சாய்ந்து ஓடுவதால், எந்த மானியும் உள்ளதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும்.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கை மாறிய ஒவ்வொரு தடவையும் அலுமாரிகள் இடம்மாறின. எந்தப் புதிய நிருவாகிக்கும் முதற் கவலை மழைப் புத்தகமாக இருக்க முடியாது. இப்படி அறுந்துபோன கண்ணிகளை அறிஞர்கள் பக்கத்துத் தோட்டங்களின் கணக்கைக் கொண்டு பொருத்தி ஒட்டுகின்றனர். அயல்வீட்டு அடுப்புப் புகையைப் பார்த்து நம் வீட்டுச் சோற்றை மதிப்பது போன்ற வேலை இது. வேறு வழி இல்லாதபோது அதுவும் ஒரு வழியே.

மழைமானி அறவே காணாத வரவும் ஒன்றுண்டு. ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய முகிற்காடுகளில், மழை பெய்யாத நாளிலும் பாசி படர்ந்த கிளைகள் பனிமூட்டத்தைச் சீப்புப்போல் வாரி எடுத்து நிலத்திற் சொட்டுகின்றன. மகாவலிக்கும் களனிக்கும் வளவை கங்கைக்கும் தலைநீர் தரும் இடம் அது. திறந்த வெளியில் நிற்கும் உருளைக்கு அந்தச் சொட்டு தெரியாது. கடந்த சில பத்தாண்டுகளாக அச்சமவெளியின் காடுகளில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவதை ஆராய்ச்சியாளர் கவலையோடு நோக்கி வருகின்றனர். மரம் பட்டால் அந்த வரவும் போகும். வரவுக் கணக்கில் ஏறாத ஒன்று போனதை எந்தக் கணக்குக் காட்டும்?

மழையை அளக்கும் ஆசை நமக்கு ஆங்கிலேயர் கற்றுத் தந்ததன்று. அர்த்தசாத்திரம் பண்டகசாலையில் ஒரு முழ வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொல்லுகின்றது. இன்ன ஆண்டில் இத்தனை மரக்கால் மழை என்று நமது பஞ்சாங்கம் முற்கூட்டியே அறிவித்துவிடுகின்றது. அதன் துணிவு வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு இல்லை. உழவனின் அளவோ வேறு. ஏர் புதையும் ஆழத்துக்கு மண் நனைந்தால் அவனுக்கு அது ஓர் உழவு மழை. மூன்றனுள்ளும் உழவனின் அளவே எனக்கு மேலானதாகத் தோன்றுகின்றது. ஏனெனில் வானத்திலிருந்து விழுந்ததை அவன் அளக்கவில்லை, மண்ணுக்குள் நின்றதை அளந்தான். நீர்வளத்தை மதிப்பிடுவதில் உள்ள பெருஞ் சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கிக் கிடக்கின்றது.

ஆற்றையே நேரில் அளந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அளக்கத்தான் செய்கின்றனர். மகாவலியை நாவலப்பிட்டியிலும் பேராதனையிலும், களனியின் தலைநீரை நோர்வூட்டிலும் கித்துல்கலவிலும் நீர்ப்பாசனத் திணைக்களம் அளந்து வருகின்றது. ஆனால் அங்கே அன்றாடம் அளக்கப்படுவது நீரின் அளவு அன்று; நீரின் உயரம். கரையில் நட்ட அளவுகோலில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்று பார்த்து எழுதுவர். சில நாட்களில் ஓட்டமானியை ஆற்றில் இறக்கி வேகத்தையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் கண்டு, இந்த உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என ஒரு வளைகோடு வரைந்து வைத்துக்கொள்வர். பின்னர் உயரத்தைப் பார்த்தவுடன் வளைகோட்டைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த வளைகோடு ஆற்றின் அடித்தளம் அசையாதிருக்கும் வரையே உண்மை. மலையாறு அசையாதிருக்கச் சம்மதிப்பதில்லை. மணல் அள்ளினால் தளம் இறங்கும். மேலே மண் அரித்தால் தளம் ஏறும். ஒரு பெருவெள்ளம் வந்தால் எல்லாம் மாறும். பெருவெள்ளத்தின்போது ஓட்டமானியோடு ஆற்றில் இறங்க யாராலும் முடியாதாகையால், வளைகோட்டின் மேற்பகுதி பெரும்பாலும் அளந்து வரைந்ததன்று, ஊகித்து நீட்டியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலைநாட்டைச் சிதைத்துச் சென்றதே, அத்தகைய நாட்களில் ஆறு எவ்வளவு நீரைக் கொண்டுபோயிற்று என்பதற்கு நாம் தரும் எண், அளவையைவிட அனுமானத்துக்கே நெருங்கியது. ஆண்டின் மொத்த நீரில் கணிசமான பங்கு அந்தச் சில நாட்களிலேயே ஓடிவிடுகின்றது என்பதை மறக்கலாகாது.

இனி, விழுந்த மழைக்கும் ஓடிய ஆற்றுக்கும் இடையிலுள்ள கழித்தலுக்கு வருவோம். ஓரிடத்தில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் பெய்கின்றது, மரஞ்செடிகள் உறிஞ்சி ஆவியாக விடுவதும் நிலம் உலர்வதும் சேர்ந்து 1000 மில்லிமீட்டர் செலவாகின்றது என வைத்துக்கொள்வோம். ஆற்றுக்கு எஞ்சுவது 1000. மழை பத்தில் ஒரு பங்கு குறைந்து 1800 ஆனால், செடிகள் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டா. அவை முதலிற் பந்தியில் அமர்பவை. ஆற்றுக்கு எஞ்சுவது 800; அதாவது ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. மழைக் கணக்கில் நேரும் சிறு பிழை ஆற்றுக் கணக்கில் இரட்டித்து நிற்பது இப்படித்தான்.

செடிகளின் பங்கு எவ்வளவு என்பதிலேயோ நூற்றைம்பது ஆண்டு விவாதம். கோப்பிக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த 1873 ஆம் ஆண்டில், கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாதென்று வற்புறுத்தினார், அரசும் ஏற்றுக்கொண்டது. ஆறாயிரம் அடியிலும் தேயிலை மலைகளைக் கண்டு வளர்ந்த நாம் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். ஆனால் ஹோர்ட்டன் சமவெளியும் பிதுருதலாகலைச் சாரலும் இன்றைக்கும் காடாக எஞ்சியிருப்பதில் அந்த ஆலோசனைக்குப் பங்குண்டு.

காடு போய்த் தேயிலை வந்ததால் ஆறு வற்றிற்றா? இக்கேள்விக்கு மிகப் பொறுமையான விடை கென்யாவிலிருந்து வந்தது. 1950 களின் பிற்பகுதியில் கெரிச்சோ என்னும் மலைப்பகுதியில் அடுத்தடுத்த இரு பள்ளத்தாக்குகளை எடுத்து, ஒன்றைக் காடாகவே விட்டு, மற்றதன் பெரும்பகுதியைத் தேயிலையாக்கி, இரண்டின் ஓடைகளையும் ஆண்டுக்கணக்கில் அளந்தனர். வளர்ந்து மூடிய தேயிலை ஆண்டு முழுவதிலும் குடிக்கும் நீர் காட்டின் அளவுக்குப் பெரிதும் வேறுபடவில்லை. காட்டை வெட்டித் தேயிலை மூடும் வரையிலான இடைக்காலத்திலேயே ஓட்டம் பெருத்தது, வெள்ளம் சீறிற்று. செம்மையாகச் சமவுயரக் கானும் வடிகாலும் வெட்டிப் பேணிய தோட்டத்துக்குரிய முடிவு அது. செடி செத்து இடைவெளி விழுந்து, மண் தோல் உரிந்த தோட்டங்களுக்கு அது பொருந்தாது. அத்தகைய மலைகள் நம்மிடையே பல.

யூகலிப்டஸ் மரத்தைப் பற்றிய விடை நமக்கு அண்டையிலேயே கிடைத்தது. நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்த கிளன்மோர்கனில், புல்வெளிப் பள்ளத்தாக்கொன்றில் நீல யூகலிப்டஸ் நட்டு, அருகிலிருந்த புல்வெளியோடு ஒப்பிட்டனர். முதற் பத்தாண்டில் ஓடைநீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மரங்கள் மறுபடி தளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் மிகுந்தது. விறகுக்கென்று லயத்துக்கு மேலே ஊற்றுக்கண்ணைச் சுற்றி 'டர்பன்டைன்' மரம் நட்ட நம்மவர்களுக்கு இது வேண்டிய செய்தி.

எல்லாவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் மத்தும பண்டாரவும் குறுப்புஆராச்சியும் 1988 இல் வெளியிட்ட ஆய்வு. பேராதனைக்கு மேலுள்ள மகாவலியின் 1100 சதுரக் கிலோமீட்டர் நீரேந்துப் பரப்பில் 1940 முதல் 1980 வரையிலான நாற்பது ஆண்டுக் கணக்கை அவர்கள் ஆராய்ந்தனர். மழையோ சற்றுக் குறையும் போக்குக் காட்டிற்று. ஆற்றின் மொத்த ஓட்டமோ அதற்கு மாறாகக் கூடிற்று! மழை குறைய ஆறு பெருகுமா? பெருகும். தேயிலை நிலங்கள் காய்கறித் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறி, மண்ணைக் காக்கும் ஏற்பாடு தளர்ந்தபோது, நிலத்துள் இறங்கவேண்டிய நீர் நிலத்தின்மேல் ஓடிற்று. பெய்த அன்றே ஆற்றிற் சேர்ந்தது. அன்றே கடலுக்குப் போயிற்று. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்க்கும் கணக்கர் இதை வரவு என்று எழுதுவார். மாசி பங்குனியில் ஊற்றடியில் குடம் வைத்துக் காத்திருப்பவர் இதைச் செலவு என்று அறிவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆண்டு மொத்தம் என்பதே ஒரு மயக்கும் எண். சராசரி ஆண்டு என்று ஓர் ஆண்டு வந்ததேயில்லை. அதனால் பொறியியலாளர் 'நம்பகம்' என்றொரு சொல்லை வைத்திருக்கின்றனர். நூறு ஆண்டில் எழுபத்தைந்து ஆண்டுகளில் தவறாது கிடைக்கும் நீர் எவ்வளவு, ஐம்பது ஆண்டுகளிற் கிடைப்பது எவ்வளவு எனப் பகுத்துரைப்பர். எத்தனை விழுக்காட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதை எந்த விஞ்ஞானமும் சொல்லாது, அது அரசியல். கிருஷ்ணா நதியை மூன்று மாநிலங்களுக்குப் பங்கிட்ட பச்சாவத் நடுவர் மன்றம் 1973 இல் 75 விழுக்காட்டு நம்பகத்தைக் கொண்டு 2060 ஆயிரமிலட்சம்... இல்லை, வழக்கிலுள்ள அளவாற் கூறின், 2060 டி.எம்.சி. என்றது. 2010 இல் வந்த மற்றொரு நடுவர் மன்றம், நீண்ட புதிய கணக்கையும் 65 விழுக்காட்டையும் கொண்டு 2293 டி.எம்.சி. என்றது. காவிரிக்கோ 2007 இல் 50 விழுக்காட்டில் 740 டி.எம்.சி. எனத் தீர்ப்பாயிற்று. இரண்டாண்டுக்கு ஓராண்டு அந்த நீர் வராது என்பதே அதன் பொருள். காவிரிக் கரையில் வழக்கு ஓயாதிருப்பதற்கு வேறு காரணமும் தேடவேண்டுமா? அமெரிக்கர் 1922 இல் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டபோது தங்கள் கையிலிருந்த சில பத்தாண்டுக் கணக்கை நம்பினர். அந்தப் பத்தாண்டுகள் பல நூற்றாண்டுகளிலேயே மிகச் செழிப்பானவை என்பதை, பழைய மரங்களின் வளையங்களை எண்ணிய அறிஞர் 1976 இற் காட்டினர். வராத நீருக்கு அதற்குள் உரிமைப்பத்திரம் எழுதியாகிவிட்டது.

நம் மலைநாட்டின் கணக்கும் நம்பிக்கையிலேதான் தொடங்கிற்று. 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர், மஸ்கெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் நாட்டுக்கே ஒளிதரும் என்று கட்டுரை படித்தார். 1920 களில் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கிய வேலை 1950 இல் லக்சபான மின்னிலையமாக முடிந்தது. மூன்றாண்டு கழித்து, தம் கனவைக் கண்ணாற் கண்ட பின்னர், அவர் காலமானார். 1965 இல் காசல்ரீ, 1969 இல் மவுஸ்ஸாக்கலை என நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுஸ்ஸாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. வரட்சி முற்றிய ஆண்டுகளில் நீர் இறங்கி அந்நகரின் வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தலைகாட்டும்போது மக்கள் சென்று பார்த்து வருகின்றனர். மின்சார சபையின் எந்த அளவுகோலினும் தெளிவாக நீரின் நிலையைச் சொல்லும் அளவுகோல் அது.

மகாவலிக்கு ஐக்கிய நாடுகளின் துணையோடு 1965 முதல் 1968 வரை ஆராய்ந்து பெருந்திட்டம் வகுத்தனர். முப்பது ஆண்டுகளில் 365,000 ஹெக்டயர் நிலத்துக்கு நீர் பாய்ச்சுவது நோக்கம். 1977 இல் வந்த அரசாங்கம் அதன் தலையாய பகுதிகளைச் சில ஆண்டுகளுக்குள் அடக்கி விரைவுபடுத்திற்று. முப்பதாண்டுத் திட்டத்தில் ஒரு நன்மை இருந்தது: கட்டிக்கொண்டே அளக்கலாம், அளந்துகொண்டே திருத்தலாம். விரைவு அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டது. 1985 இல் 174 மில்லியன் கனமீட்டர் கொள்ளும் கொத்மலை நீர்த்தேக்கம் வந்தது. 1990 களின் நடுப்பகுதியில் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே பிறந்தது. 1996 இல் மழை பொய்த்தது. நாடெங்கும் நாள்தோறும் மணிக்கணக்கில் இருள் சூழ்ந்தது. வரண்ட ஆண்டொன்று வரும் என்பதை எவரும் மறுத்ததில்லை. அது எந்த ஆண்டு என்பதே தெரியாதிருந்தது.

மேல் கொத்மலைத் திட்டம் எழுந்தபோது சண்டை வேறு வடிவெடுத்தது. பல ஓடைகளைத் திருப்பிச் சுரங்கத்தில் விடும் முதல் யோசனையால் மலைநாட்டின் நீர்வீழ்ச்சிகள் பல வற்றும் என்று சுற்றாடல் ஆர்வலர் எதிர்த்தனர். ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்து, கொத்மலை ஓயாவின் நீரோடு மட்டும் திட்டம் சுருங்கி, 150 மெகாவாற் மின்னிலையமாக 2012 இல் இயங்கத் தொடங்கிற்று. சென்கிளையர் நீர்வீழ்ச்சிக்குப் பகற்பொழுதில் நீர் விடவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு நீர்வீழ்ச்சிக்கு வேலைநேரம் குறித்த செய்தியை நம் முன்னோர் கேட்டால் என்ன சொல்வரோ! ஆனாலும் ஓர் அழகுக்கென்று இவ்வளவு நீர் என ஏட்டில் எழுதியது மலைநாட்டில் புதுமையே. அதற்கு வழக்காடுவார் இருந்தனர். புகைப்படம் எடுப்பார் இருந்தனர்.

லயத்துப் பீலிக்கு அப்படி ஒருவரும் இல்லை. பீலி என்பது மலைநாட்டார்க்கு விளக்கவேண்டாத சொல். பாறை இடுக்கிலோ சரிவின் மடியிலோ கசியும் ஊற்றை மூங்கில் வழியாகவோ குழாய் வழியாகவோ கொண்டுவந்து ஒழுக விட்ட இடம். குளிப்பும் துவைப்பும் குடிநீரும் ஊர்வம்பும் அங்கேயே. ஆயிரக்கணக்கான பீலிகள் இம்மலைகளில் ஒழுகுகின்றன. ஆற்றை அளப்பவன் அளப்பது இவை எல்லாம் கூடிய பின்னர். மழையை அளப்பவன் அளப்பது இவை பிறக்கும் முன்னர். நடுவிலே, மக்கள் குடிக்கும் இடத்தில், அளவில்லை.

இது இப்பொழுது அவசரமான விடயமாகிவிட்டது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாய் இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய பிரதேச சபைகளும் இயங்கலாயின. லயங்களை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுகின்றன. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து பத்தாயிரம் வீடுகளுக்கு உதவி அறிவித்தார். வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும். லயத்தில் பத்துக் குடும்பம் ஒரு பீலியில் வாளி வைத்துச் சிக்கனமாய் இறைத்த நீர் வேறு; குளியலறையும் கழிப்பறையும் உள்ள வீட்டின் செலவு வேறு. அடிவாரத்துக்கு நீர் கொண்டுபோகத் தெரிந்த திட்டங்கள், மேட்டில் வீடு கட்டும்போது அந்த மேட்டுக்கு மேலே என்ன இருக்கின்றதென்று கேட்கவேண்டும். மேலே இருப்பது கிழங்குத் தோட்டமா, யூகலிப்டஸா, காடா?

ஊற்றை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். இருபது லீற்றர் வாளி நாற்பது விநாடியில் நிரம்பினால், விநாடிக்கு அரை லீற்றர். நாளொன்றுக்கு 43,200 லீற்றர். அறுபது வீடுகள், வீட்டுக்கு ஐவர், ஆளுக்கு நூறு லீற்றர் என்று வைத்தால் தேவை 30,000. தாராளமாய்ப் போதும் என்று எழுதிவிடலாம். கார்த்திகையில் அளந்தால் இந்தக் கணக்கு. அதே வாளி பங்குனியில் நிரம்ப இரண்டு நிமிடம் எடுத்தால், நாளைக்கு 14,400 லீற்றர், ஆளுக்கு 48. பாதி வீடுகளுக்கும் காணாது. இரவில் வீணே ஒழுகுவதைத் தேக்கத் தொட்டி கட்டினாலும் அந்த 14,400 தான் மொத்தம்.

பீலிக்கரையில் நிற்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் எந்த மாதத்தில் வாளி எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்வார். எந்த ஆண்டு ஊற்று அறவே நின்றது, எந்த மரம் நட்ட பிறகு மெலிந்தது என்பதையும் சேர்த்தே சொல்வார். அவரிடம் கேட்கும் வழக்கம் நம் திணைக்களங்களில் இன்னும் வேரூன்றவில்லை. கோப்பிலே ஏறுவது அதிகாரி வந்த அன்று கண்ட எண்ணே. நவம்பரில் ஜீப் வந்ததா, மார்ச்சில் வந்ததா என்பதைப் பொறுத்து அறுபது வீட்டுக் குடியிருப்புக்கு நீர் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்பாகிவிடுகின்றது. நவம்பரில் வந்தால் பாதையில் சறுக்கும், மார்ச்சில் வந்தால் பாதை நன்றாயிருக்கும். ஆனால் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் மதிப்பீடு அனுப்பவேண்டியிருப்பதால், பெரும்பாலும் ஜீப் மழைக்காலத்திலேயே மலையேறுகின்றது.